கிளினிக் குளிசையா, கடைக் குளிசையா: எது இதயத்தைக் காக்கும்?

கிளினிக் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் எங்கள் பெண்கள் மருந்து உறைகளைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். "அக்கா, உங்களுக்கு என்ன தந்தவை? எனக்கு இந்தச் சின்ன வெள்ளைக் குளிசைதான்" என்று தொடங்கும் பேச்சு மெல்ல விலைக்குப் போகும். வெளிநாட்டில் பிள்ளை உள்ள ஒருவர் தனியார் வைத்தியரிடம் காட்டி, பாமசியில் வாங்கிய மினுங்கல் அட்டையை எடுத்துக் காட்டுவார். மற்றவர்களுடைய முகம் சிறுத்துப் போகும். "எங்களுக்கு இலவச மருந்துதானே பிள்ளை. அது வேலை செய்யுமோ செய்யாதோ, ஆர் கண்டது?" என்று என்னிடம் கேட்ட அம்மாக்கள் பலர்.

நான் மருத்துவம் படித்தவள் அல்ல. சமூகவியல் படித்துவிட்டுச் சமூகப் பணிக்கு வந்தவள். குருதியமுக்க மருந்துகளைப் பற்றி எழுத எனக்கு என்ன அவசியம் என்று சிலர் நினைக்கலாம். அவசியம் இருக்கிறது. நான் போய்வரும் வீடுகளில் ஒன்றைச் சொல்கிறேன். 2009 இல் கணவரை இழந்த தாய். மூன்று பிள்ளைகளையும் இடியப்பம் அவித்து விற்று வளர்த்தவர். பக்கத்து வீட்டார் போடும் 'நல்ல' குளிசையைப் பார்த்து, தனக்குக் கிடைப்பது உதவாது என்று நினைத்துக் கிளினிக் மருந்தை நிறுத்தினார். காசு சேர்ந்ததும் வெளியில் வாங்குவோம் என்று இருந்தார். காசு சேரவில்லை. நான்காம் மாதம் ஒரு விடியற்காலையில் பாரிசவாதம் வந்தது. இன்று அவருடைய வலது கை வராது. உயர்தரம் படித்துக் கொண்டிருந்த மகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இடியப்ப உரலைப் பிடித்திருக்கிறாள்.

உழைக்கிற ஒரே ஆள் விழுந்தால் என்ன நடக்கும் என்பதைப் பெண் தலைமைத்துவக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எனவே அந்த அம்மாவின் கேள்வியை நாம் பகிடியாக எடுக்காமல், நேரடியாகவே கேட்டுப் பார்ப்போம். மலிவான குளிசை இதயத்தைக் குறைவாகத்தான் காக்குமா?

முதலில் ஒரு சிறு விளக்கம். குருதியமுக்கம் கூடியிருக்கும்போது இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிய பாரத்துக்கு எதிராகக் குருதியைத் தள்ள வேண்டியிருக்கிறது. பெரிய வாளியால் நாள் முழுவதும் தண்ணீர் அள்ளினால் கைத்தசை முதலில் தடிக்கும், பிறகு சோர்ந்துவிடும். இதயத்துக்கும் அதுதான் நடக்கிறது. இப்படிக் களைத்துப்போய், உடம்புக்குத் தேவையான அளவு குருதியைத் தள்ள முடியாத நிலையைத்தான் வைத்தியர்கள் இதயச் செயலிழப்பு என்கிறார்கள். இதயம் நின்றுவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டும், கால் வீங்கும், கொஞ்சத் தூரம் நடந்தாலே களைக்கும். மறுபக்கத்தில் குருதிக்குழாய்களும் பழுதாகின்றன. இதயத்தின் குழாய் அடைத்தால் மாரடைப்பு. மூளையின் குழாய் அடைத்தால் அல்லது வெடித்தால் பாரிசவாதம். எல்லாம் வரும்வரை உடம்பு ஒன்றும் சொல்லாது என்பதுதான் இந்த நோயின் கள்ளத்தனம்.

கிளினிக் கொப்பியில் எழுதப்படும் மருந்துகள் எல்லாம் ஒரே வேலையைச் செய்பவை அல்ல. பெயரின் கடைசி ஓசையை வைத்தே பலவற்றை இனங்காணலாம். எனலப்ரில், லிசினோப்ரில், கப்ரோப்ரில் என்று 'ப்ரில்' என முடிபவை ஒரு குடும்பம். லொசாட்டன், ரெல்மிசாட்டன் என்று 'சாட்டன்' என முடிபவை அதன் ஒன்றுவிட்ட சகோதரிகள். இரண்டும் குழாய்களை இறுக்கும் ஒரு சுரப்பின் வேலையைத் தடுக்கின்றன. அம்லோடிபின், நிபெடிபின் என்று 'டிபின்' என முடிபவை குழாய்ச் சுவரை நேரடியாக இளக்குகின்றன. அற்றெனலோல், பைசோபுரோலோல் போன்ற 'லோல்'கள் இதயத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கின்றன. பிரசோசின், டொக்சசோசின் என்ற 'சோசின்'களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மூத்தது, எங்கள் பெண்கள் 'சலம் போற குளிசை' என்று சொல்லும் ஐதரோகுளோரோதயசைட். கொப்பியில் சுருக்கமாக எச்.சி.ரி. என்று இருக்கும். மேலதிக உப்பையும் நீரையும் வெளியேற்றுவது அதன் வேலை. மிக மலிவானதும் அதுதான்.

அந்த அம்மாவின் சந்தேகம் அமெரிக்காவிலும் ஒருகாலத்தில் பெரிய வழக்காக இருந்தது. 1990களில் புதிய மருந்துகள் கூடிய விலைக்குச் சந்தைக்கு வந்தன. கம்பனிகள் அவற்றைப் பெரிதாக விளம்பரம் செய்தன. பழைய சலக்குளிசை ஒதுக்குப்புறமாகிக் கொண்டு வந்தது. புதியது உண்மையிலேயே இதயத்தைக் கூடுதலாகக் காக்கிறதா என்று பார்க்க, அந்நாட்டு அரசாங்கத்தின் தேசிய இதய, நுரையீரல், குருதி நிறுவனம் 1994 இல் ஒரு மாபெரும் ஒப்பீட்டைத் தொடங்கியது. 'ஓல்ஹற்' என்பது அதன் சுருக்கப் பெயர். அமெரிக்கா, கனடா உட்பட 623 இடங்கள். 55 வயதைக் கடந்த, உயர் குருதியமுக்கத்தோடு இதய நோய்க்கான வேறொரு காரணமும் உள்ள 42,000 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் பெண்கள். இதை நான் சும்மா குறிப்பிடவில்லை. மருத்துவ ஆய்வுகளை ஆண்களை வைத்தே செய்துவிட்டு, முடிவைப் பெண்களுக்கும் பொருத்திவிடும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது.

நான்கு மருந்துகள் ஒப்பிடப்பட்டன. குளோர்தலிடோன் என்ற சலக்குளிசை, அம்லோடிபின், லிசினோப்ரில், டொக்சசோசின். யார் எதைப் போடுகிறார் என்று நோயாளிக்கும் தெரியாது, பார்க்கும் வைத்தியருக்கும் தெரியாது. அதனால் 'விலை கூடியது, நல்லது' என்ற எண்ணம் முடிவைத் திருப்ப வழியில்லை.

டொக்சசோசின் பிரிவை 2000 ஆம் ஆண்டிலேயே நிறுத்த வேண்டி வந்தது. அதைப் போட்டவர்களிடையே இதயச் செயலிழப்பு, சலக்குளிசை போட்டவர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அமுக்கம் குறைந்துதான் இருந்தது. ஆனால் இதயத்துக்கு அதே அளவு காவல் கிடைக்கவில்லை. மெசினில் வரும் இலக்கம் மட்டும் போதாது என்பதை உலகத்துக்குக் காட்டிய பாடம் இது.

எஞ்சிய மூன்று பிரிவிலும் இருந்த 33,357 பேரைச் சராசரியாக ஏறத்தாழ 5 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2002 டிசெம்பரில் முடிவை வெளியிட்டார்கள். மாரடைப்பும், இதயக்குழாய் நோயால் வரும் மரணமும் எந்தப் பிரிவில் குறைவு? எதிலும் இல்லை. 6 ஆண்டுக் கணக்கில் மூன்று பிரிவிலும் 100 பேரில் 11 பேர் அளவில்தான். பழைய மலிவான குளிசை ஒரு படியும் கீழே இறங்கவில்லை.

இதயச் செயலிழப்பில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதுவும் மலிவுக் குளிசையின் பக்கமாக. சலக்குளிசை போட்ட 100 பேரில் ஏறக்குறைய 8 பேருக்கு அது வந்தது. லிசினோப்ரில் போட்டவர்களில் 9 பேர் அளவில், அம்லோடிபின் போட்டவர்களில் 10 பேர் அளவில். பாரிசவாதத்தில் லிசினோப்ரில் சற்றுப் பின்தங்கியது. அந்த வித்தியாசம் பெரும்பாலும் கறுப்பின மக்களிடையேதான் காணப்பட்டது. ஆகவே எல்லா மக்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சலக்குளிசைக்கு ஒரு குறையும் இருந்தது. 4 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, புதிதாகச் சீனி வருத்தம் வந்தவர்கள் அதைப் போட்டவர்களில்தான் கூட. 100 பேரில் 12 பேர் அளவில். அம்லோடிபினில் இது 10 பேர், லிசினோப்ரிலில் 8 பேர். பொற்றாசியமும் குறையலாம். எனவே இக்குளிசை போடுபவர்கள் இடைக்கிடை இரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தால் தட்டிக்கழிக்கக் கூடாது.

"அங்கே கொடுத்தது வேறு சலக்குளிசை, இங்கே தருவது வேறு" என்று கூர்ந்து படிப்பவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வு அமெரிக்காவில் முன்னாள் படையினர் 13,523 பேரிடம் நடந்து 2022 இல் வெளிவந்தது. மாரடைப்பு, பாரிசவாதம், இதயச் செயலிழப்பு எதிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அதில் பெண்கள் மிகச் சொற்பம். நான் மேலே சொன்ன பழக்கம் இன்னும் முற்றாகப் போகவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அற்றெனலோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் பல காலமாகப் பலர் போட்டுவந்த குளிசை அது. பிரித்தானியாவிலும் வட ஐரோப்பிய நாடுகளிலும் 19,257 பேரிடம் நடந்து 2005 இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், அற்றெனலோலில் தொடங்கியவர்களைவிட அம்லோடிபினில் தொடங்கியவர்களுக்குப் பாரிசவாதம் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அதன் பிறகு வேறு இதயக் கோளாறு இல்லாதவர்களுக்கு 'லோல்'களை முதல் மருந்தாகக் கொடுப்பது பல நாடுகளில் குறைந்தது. இதை வாசித்துவிட்டு யாராவது அற்றெனலோலை இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். அது மிக ஆபத்து. திடீரென நிறுத்தினால் அதுவரை அடக்கி வைக்கப்பட்ட இதயம் பாய்ந்து துடிக்கும், நெஞ்சுநோவும் வரலாம். படிப்படியாகக் குறைப்பதை வைத்தியர்தான் செய்ய வேண்டும். நெஞ்சுநோ, துடிப்புக் கோளாறு, இதயச் செயலிழப்பு உள்ள பலருக்கு அதே குடும்பக் குளிசைகள் உயிர் காப்பவையாகவும் இருக்கின்றன. தொய்வு உள்ளவர்களும், சீனிக்கு ஊசி போடுபவர்களும் 'லோல்' எழுதப்பட்டால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தொய்வைக் கிளப்பக்கூடும். சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் மறைத்துவிடும்.

மலிவு என்றால் தரம் குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? எமது நாட்டில் இதற்கு நேர்மாறான ஒரு வரலாறு இருக்கிறது. மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்லாமல் அதன் உண்மைப் பெயரால் வாங்க வேண்டும், தேவையானவற்றை மட்டும் மொத்தமாகக் கொள்வனவு செய்து மக்களுக்கு மலிவாகக் கொடுக்க வேண்டும் என்று வாதாடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவருடைய முயற்சியால் 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. கிளினிக்கில் இலவசமாகக் கையில் விழும் குளிசைக்குப் பின்னால் அந்தச் சிந்தனை இருக்கிறது. 'பாவங்களுக்குப் போடும் மிச்சம்' அல்ல அது. ஆனால் 2022 இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டு, வெளியில் வாங்கும்படி துண்டு எழுதித் தந்தபோது எத்தனையோ பெண்கள் ஒன்றுவிட்டு ஒருநாள் குளிசை போட்டார்கள். அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் நிற்கிறது. எனக்கு அதுதான் கவலை. எந்தக் குளிசை என்பதைவிட, நாள்தோறும் போடுகிறோமா என்பதில்தான் இதயத்தின் தலைவிதி கூடுதலாகத் தங்கியிருக்கிறது.

ஒரு மருந்து போதாமல் இரண்டு, மூன்று தரும்போது "எனக்கு வருத்தம் முத்திப்போச்சு" என்று பயப்படுபவர்கள் உண்டு. இந்தப் பயத்துக்குப் பதில் எமது நாட்டிலேயே கிடைத்திருக்கிறது. 2016, 2017 ஆம் ஆண்டுகளில் இலங்கை வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். ஒரு பிரிவினருக்கு ரெல்மிசாட்டன், அம்லோடிபின், குளோர்தலிடோன் ஆகிய மூன்றும் குறைந்த அளவில் கலந்த ஒரே குளிசை கொடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு வழமையான சிகிச்சை. 6 மாதத்தில் குளிசைப் பிரிவில் 100 பேரில் 70 பேருக்கும், மற்றப் பிரிவில் 55 பேருக்கும் அமுக்கம் இலக்குக்குள் வந்தது. முடிவு 2018 இல் வெளியானது. ஒரு மருந்தைப் பெரிய அளவில் ஏற்றிக்கொண்டு போவதைவிட, வெவ்வேறு வேலை செய்யும் மருந்துகளைச் சிறிய அளவில் சேர்ப்பது நல்ல வழி என்பது இதன் கருத்து. சலக்குளிசையும் சாட்டனும் டிபினும் ஒன்றுக்கொன்று போட்டிக்காரர் அல்ல. ஒரே வயலில் நாற்றுப் பிடுங்குபவரும் நடுபவரும் போல.

இனி எங்கள் பெண்கள் மருந்தை நிறுத்தும் காரணங்களுக்கு வருகிறேன். புத்தகத்தில் 'பக்கவிளைவு' என்று ஒரு சொல்லில் முடிவது, வாழ்க்கையில் வேறு மாதிரி இருக்கும்.

சலக்குளிசை போடும் ஒரு அக்கா கூலிக்குக் களை பிடுங்கப் போகிறார். வெட்டவெளி. மலசலகூடம் இல்லை. ஆம்பிளையளும் நிற்கும் இடத்தில் அடிக்கடி எங்கே ஒதுங்குவது? அதனால் வேலைநாளில் குளிசை இல்லை. இதை அவர் ஒருநாளும் வைத்தியரிடம் சொன்னதில்லை, வெட்கம். சொல்ல வேண்டிய விடயம் இதுதான். எச்.சி.ரி. போன்ற குளிசையில் அடிக்கடி சலம் போவது பெரும்பாலும் முதல் சில கிழமைகளுக்குத்தான். பிறகு அது தணிந்தாலும் அமுக்கத்தைக் குறைக்கும் வேலை நடந்துகொண்டே இருக்கும். எந்த நேரத்தில் போடுவது வசதி என்று கேட்கலாம், மாற்று மருந்தும் கேட்கலாம். இதயம் பலவீனமானவர்களுக்குத் தரும் புறூசமைட் வேறு. அது வேகமானது. இரண்டையும் ஒன்றென நினைத்துக் கைமாற்றிப் போடக் கூடாது.

'ப்ரில்' குளிசையால் சிலருக்கு வறட்டு இருமல் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட. கசரோகமோ என்று அயலார் விலகி நடக்க, குளிசையைக் கிணற்றடியில் எறிந்தவரை எனக்குத் தெரியும். சொன்னால் 'சாட்டன்' குளிசைக்கு மாற்றித் தருவார்கள். இருமல் நிற்கும், இதயத்துக்கும் காவல் குறையாது. உதடு, நாக்கு, முகம் வீங்கினால் மட்டும் கிளினிக் நாள்வரை பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். இதுவும் பெண்களுக்குத்தான் கூடுதல். அந்த வீக்கம் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஆனால் வீக்கத்தோடு மூச்சு முட்டினால், இரவில் தலையணையை உயர்த்தாமல் படுக்க முடியாவிட்டால், அது இதயத்தால் வந்ததாக இருக்கலாம். வித்தியாசம் பார்ப்பது வைத்தியரின் வேலை, சொல்வது எங்கள் வேலை.

பிள்ளை பெறும் வயதிலுள்ள சகோதரிகள் ஒன்றை மறக்க வேண்டாம். ப்ரில், சாட்டன் இரண்டு குடும்பமும் கர்ப்பத்தில் உள்ள சிசுவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மறுமணம் செய்த ஓர் இளம்பெண், தான் எந்தக் குளிசை போடுகிறார் என்று குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லத் தயங்கினார். தயங்கத் தேவையில்லை. மெதில்டோபா, நிபெடிபின் போன்று கர்ப்ப காலத்தில் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. பிள்ளை வயிற்றில் இருந்தபோது பிரசர் கூடி வலிப்பு வந்தவர்கள், அந்தப் பிள்ளை இன்று வளர்ந்து நின்றாலும், அமுக்கத்தை இடைக்கிடை பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இவர்களுக்கு இதயநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட.

செல் துண்டு உடம்பில் உள்ளவர்கள், காலை இழந்தவர்கள், பாரம் தூக்கிக் கூலிவேலை செய்பவர்கள் என்று நோக்குளிசை இல்லாமல் நாளைக் கடத்த முடியாத பெண்கள் எம்மிடையே நிறைய. டிக்குளோபெனாக், இபுபுறூபன் போன்றவை குருதியமுக்கத்தை ஏற்றும். குளிசையால் இறங்கும் பிரசரை இவை மறுபடி மேலே கொண்டுவரும். அத்தோடு சலக்குளிசையும் ப்ரிலோ சாட்டனோ போடுபவர் இவற்றையும் தொடர்ந்து போட்டால் சிறுநீரகம் பழுதாகக்கூடும். நோவைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நோ எப்படிப்பட்டது என்று பார்த்திருக்கிறேன். பிரசர் கிளினிக்கில் நோக்குளிசையின் பெயரையும் சொல்லுங்கள். வேறு வழி பார்ப்பார்கள்.

"எனக்கு யோசனைப் பிரசர் பிள்ளை, அதுக்கு மருந்து இல்லை" என்பது இன்னொரு பேச்சு. காணாமல் போன மகனைத் தேடும் தாய்க்கு யோசிக்காதே என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. யோசனையும் நித்திரையின்மையும் அமுக்கத்தை ஏற்றும் என்பது உண்மைதான். ஆனால் எதனால் ஏறினாலும் குழாயை அது ஒரே மாதிரித்தான் தாக்கும், குளிசையும் ஒரே மாதிரித்தான் வேலை செய்யும். மகனுக்காக வீதியில் நிற்கும் தாய், காலைக் குளிசையைப் போட்டுவிட்டுப் போய் நிற்கலாம்.

உப்பைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் குறைந்தால் எந்தக் குளிசைக்கும் வேலை இலகு என்பதோடு விடுகிறேன்.

கடைசியாகக் கொப்பி விடயம். 2009 இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்தவர்கள், தாங்கள் போட்ட மருந்தின் பெயர் தெரியாமல் 'வட்டக் குளிசை', 'மஞ்சள் குளிசை' என்று சொல்லித் தடுமாறினார்கள். நிறமும் வடிவமும் கம்பனிக்குக் கம்பனி மாறும், பெயர்தான் மாறாது. எமது மகளிர் குழுவில் இப்போது ஒவ்வொருவரும் மருந்தின் பெயர், அளவு, போடும் நேரம் மூன்றையும் தமிழில் ஒரு துண்டில் எழுதி அடையாள அட்டையோடு வைத்திருக்கிறார்கள். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கிறார்கள். மாரி வெள்ளத்துக்கு முன்னர் கொப்பியையும் மீதிக் குளிசையையும் பொலித்தீன் பையில் இட்டு உயரத்தில் கட்டி வையுங்கள். வெள்ளத்தில் பாதை தடைப்படும் காலத்தில் ஒரு கிழமைக்கான குளிசை கூடுதலாகக் கையில் இருக்கும்படி முந்திய கிளினிக்கிலேயே கேட்டு வாங்கலாம்.